நம்ம ஆளு, வெளியாளு: தப்பெண்ணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருப்பூரில் இருக்கிறேன். கல்லூரியில் உளவியல் பாடம் எடுப்பது வேலை. ஆறேழு வருடங்களாகப் பனியன் கம்பெனிகள், குடியிருப்போர் சங்கங்கள், பள்ளிப் பெற்றோர் கூட்டங்கள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஒரே விஷயத்தைப் பேசி வருகிறேன். ஒரு குழுவில் இருப்பது, வெளியாளைப் பார்க்கும் நம் கண்ணை எப்படி மாற்றுகிறது என்பதுதான் அது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல ஊர்க்காரர்கள் இங்கே டைலராகவும் செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் நிற்கிறார்கள். அதனால் கேள்விகள் பெரும்பாலும் அவர்களைச் சுற்றியே வரும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

"தப்பெண்ணம்"னு சொல்றீங்களே, ஒருத்தரைப் பிடிக்கலைன்னு சொல்றதும் அதுவும் ஒண்ணுதானா?

இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி பதினோரு மணிக்குச் சத்தமாகப் பாட்டுப் போடுகிறார், உங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவர் செய்த காரியத்தை வைத்து வந்த கோபம் இது. சத்தத்தைக் குறைத்தால் கோபமும் குறைந்துவிடும். இதில் தப்பெண்ணம் எதுவும் இல்லை.

லைன் வீடு காலியாக இருக்கிறது. போனில் விசாரித்தபோது "வாங்க, பார்க்கலாம்" என்ற ஓனர், வந்தவர் வாய் திறந்ததும் "ஹிந்திக்காரங்களுக்குக் கொடுக்கறதில்ல" என்கிறார். வந்தவர் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. பாட்டுப் போடவில்லை, வாடகை பாக்கி வைக்கவில்லை. அவர் எந்தக் கூட்டத்து ஆள் என்பதை வைத்தே கணக்கு முடிந்துவிட்டது. தப்பெண்ணம் என்பது இதைத்தான். அவர் எவ்வளவு நல்லபடியாக நடந்துகொண்டாலும் இது குறையாது. ஏனென்றால் அவர் நடத்தையைப் பார்த்து இது வரவில்லை.

ஒரு பகையும் இல்லாம மனுஷன் சும்மா குழு பிரிப்பானா சார்? ஏதாவது நடந்திருக்கணும்ல?

ஒன்றுமே நடந்திருக்க வேண்டாம். இதைக் காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தபோது ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகச் சிக்கினார். போர் முடிந்து வெளியே வந்தபோது குடும்பத்தார் ஏறக்குறைய எல்லோருமே கொல்லப்பட்டிருந்தார்கள். தன் வாழ்நாளின் மீதியை, மனிதர்கள் ஏன் இப்படிப் பிரிந்துபோகிறார்கள் என்ற ஒரே கேள்விக்குக் கொடுத்தவர் அவர்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பையன்களை வைத்து அவர் செய்த சோதனை 1970இல் வெளிவந்தது. பால் கிளே, கண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். "நீ கிளே குழு, நீ கண்டின்ஸ்கி குழு" என்று பிரித்தார்கள். உண்மையில் பிரித்தது ஓவிய ரசனையை வைத்துக்கூட இல்லை, குலுக்கல் மாதிரிதான். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட ஒரு பையனுக்கும் தெரியாது. பிறகு, பெயர் தெரியாத இரண்டு பேருக்குக் காசாக மாறக்கூடிய புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார்கள். தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

பையன்கள் தன் குழு ஆளுக்குக் கூடக் கொடுத்தார்கள். அதையாவது எதிர்பார்க்கலாம். என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். ஒரு பட்டியலில் ஒரு முனையில் தன் ஆளுக்கு 19, மற்றவனுக்கு 25. மறு முனையில் தன் ஆளுக்கு 7, மற்றவனுக்கு 1. நடுவில் பல படிகள். தன் ஆளுக்கு அதிகம் கிடைக்க வேண்டுமென்றால் 19 பக்கம் போக வேண்டும். பையன்கள் அங்கே போகாமல், தன் ஆள் முந்தி நிற்கும் பக்கமாகச் சாய்ந்தார்கள். தன் ஆளுக்கே குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்தவனைவிடக் கூட இருந்தால் போதும். வெறும் பெயர் ஒட்டிய சில நிமிடங்களில் இது நடந்தது.

அப்ப இது பிறவிக்குணம். மாத்த முடியாதுன்னு ஆகிடுச்சே?

ஆகவில்லை. பிறந்த குழந்தை எந்த நிறத்து முகத்தையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. மூன்று மாதத்தில், தான் அதிகம் பார்த்துப் பழகிய இனத்து முகங்களின் மேல் கண் நிற்க ஆரம்பிக்கிறது. எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்கு வந்த குடும்பங்களின் குழந்தைகள், பிறந்ததிலிருந்தே கறுப்பு, வெள்ளை இரண்டு வகை முகங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் இந்தச் சாய்வு இல்லை.

மொழியிலும் இதே கதை. பத்து மாதக் குழந்தைகளுக்குத் திரையில் ஒருவர் ஆங்கிலத்திலும் ஒருவர் பிரெஞ்சிலும் பேசிக் காட்டினார்கள். பிறகு இருவரும் வாயே திறக்காமல் ஒரே மாதிரி பொம்மையை நீட்டினார்கள். அமெரிக்கக் குழந்தைகள் ஆங்கிலம் பேசியவரிடமும், பிரெஞ்சுக் குழந்தைகள் பிரெஞ்சு பேசியவரிடமும் வாங்கிக்கொள்ளவே அதிகம் கை நீட்டின. "நம்ம ஆளு" என்று ஒரு கோடு போடும் வழக்கம் நம்மோடு வருகிறது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதைச் சுற்றியிருப்பவர்கள்தான் கற்றுத் தருகிறார்கள். அதனால்தான் உங்களைப் போன்ற பெற்றோர்களிடம் இதைப் பேச வருகிறேன்.

எங்க சொந்தக்காரனுக்கு, எங்க ஊர்க்காரனுக்கு நல்லது செய்யறேன். அதுக்குப் பேரு மத்தவன் மேல வெறுப்பா?

வெறுப்பு இல்லை. ஆனால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

தப்பெண்ணம் என்றாலே திட்டுவது, அடிப்பது என்று நினைக்கிறோம். மேரிலின் புரூவர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வேறொன்றைச் சொன்னார். பாகுபாட்டின் பெரும்பகுதி வெளியாள் மேல் உள்ள பகையால் வருவதில்லை. தன் ஆட்களுக்கு மட்டும் காட்டும் கூடுதல் அன்பால் வருகிறது. தாஜ்ஃபெலின் பையன்களை நினைத்துப் பாருங்கள். யாரும் யாரையும் வெறுக்கவில்லை.

இதையே கம்பெனிக்குள் கொண்டுவந்து பாருங்கள். லைனில் ஒரு இடம் காலி. சூப்பர்வைசர் தன் ஊர்ப் பையனுக்குப் போன் போடுகிறார். நம்ம பையன் தாமதமாக வந்தால், "பஸ் கிடைக்கலையாமா" என்று அட்டெண்டன்ஸ் போடுகிறார். அட்வான்ஸ் கேட்டால் முதலாளியிடம் போய்ப் பேசுகிறார். ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல காரியம். வருடம் முழுக்க இவை ஒரே பக்கம் விழுந்தால், மறு பக்கம் நிற்பவனுக்கு வேலை, மன்னிப்பு, சிபாரிசு எதுவும் வந்து சேராது. அவனை யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே மாதிரி படிப்பு, ஒரே மாதிரி தகுதி. பெயரில் மட்டும்தான் வித்தியாசம். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அந்தக் காகிதங்களைப் பிரித்துப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர், "நான் யாரையும் வெறுக்கவில்லை" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லியிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

படிச்சவங்ககிட்ட இதெல்லாம் இருக்காதில்ல?

மேலே சொன்ன விண்ணப்பங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள்தான். படித்தவர்கள் வாயில் கெட்ட வார்த்தை குறையலாம். யாருக்குப் போன் போடுகிறார்கள் என்று பாருங்கள்.

வடக்க இருந்து வந்து கம்மிக் கூலிக்கு வேலை பார்த்தா எங்க பொழப்பு என்ன ஆகும்? அதுல வர்ற கோபமும் தப்பெண்ணம்தானா?

பொழப்பு பற்றிய பயம் நிஜமானது. அதைத் தப்பெண்ணம் என்று ஒதுக்க மாட்டேன். பற்றாக்குறைப் பொருளுக்கு இரண்டு குழுக்கள் போட்டி போட்டால் பகை வளரும் என்பதை முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 1954இலேயே காட்டிவிட்டார். துருக்கியில் பிறந்து அமெரிக்கா போனவர். ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற காட்டுப் பூங்காவுக்கு 22 பையன்களைக் கோடைமுகாமுக்கு அழைத்துப்போனார். பதினொரு வயதை ஒட்டியவர்கள், ஒரே நிறம், ஒரே மதம், ஒரே மாதிரி நடுத்தரக் குடும்பம். இரண்டாகப் பிரித்து, ஒரு குழு இருப்பது மற்றதற்குத் தெரியாமலே ஒரு வாரம் வைத்திருந்தார். கழுகுகள், பாம்புகள் என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு பரிசு வைத்துப் போட்டிகள் தொடங்கின. கயிறு இழுப்பதில் தோற்ற குழு அடுத்ததன் கொடியை எரித்தது. ராத்திரியில் குடிசைக்குள் புகுந்து சூறையாடினார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள்.

இதில் பலர் சொல்லாமல் விடும் ஒரு பகுதி உண்டு. முந்தின வருடம், 1953இல், நியூயார்க் மாநிலத்தில் ஷெரீஃப் இதையே செய்து பார்த்துத் தோற்றுப்போனார். அந்தத் தடவை பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, பிறகு பிரித்தார்கள். என்ன தூண்டிவிட்டும் அவர்கள் சண்டை போடவில்லை. "பெரியவங்கதான் ஏதோ பண்றாங்க" என்று முகாம் நடத்தியவர்கள் மேலேயே சந்தேகப்பட்டார்கள்.

கூலிக் கேள்விக்கு வருவோம். ஒரே வேலைக்கு ஒருவருக்கு ஒரு ரேட், இன்னொருவருக்கு ஒரு ரேட் என்று முடிவு செய்வது யார்? ஒடிசாவிலிருந்து வந்த பையன் அந்த முடிவு எடுக்கும் அறையிலேயே இருந்ததில்லை. அவன் கூலியில் காண்ட்ராக்டர் ஒரு பங்கு பிடிக்கிறார், ஹாஸ்டலுக்கு ஒரு பங்கு பிடிக்கிறார்கள். சம வேலைக்குச் சம கூலி என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் உள்ளூர்த் தொழிலாளிக்கும் லாபம். கோபம் பக்கத்து மெஷின்காரன் மேல் திரும்பும்போதுதான் அது தப்பெண்ணமாகிறது. 1953இன் பையன்கள் சரியான இடத்தில் சந்தேகப்பட்டார்கள்.

அவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சார். பார்த்தாலே தெரியும்.

இது கேள்வியே இல்லை என்றாலும், அதிகம் காதில் விழுவதால் சேர்த்திருக்கிறேன். நம் குழுவில் விதவிதமான ஆட்கள் இருப்பது நமக்குத் தெரியும். கஞ்சன், கொடையாளி, வாயாடி, ஊமைக்கோட்டான். வெளிக்குழுவைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் எல்லாம் ஒரே நிழலாகத் தெரிகிறது. முகத்தை அடையாளம் காண்பதில்கூட இதே தடுமாற்றம்தான். பழகாத இனத்து முகங்களை நாம் எளிதில் குழப்பிக்கொள்கிறோம்.

"ஹிந்திக்காரன்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவின் கந்தமாலிலிருந்து வந்தவருக்குத் தாய்மொழி ஒடியாவாகவோ குய் ஆகவோ இருக்கலாம். மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்காரர் வங்காளம் பேசுவார். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் வீட்டில் சந்தாலி பேசலாம். அவர்களில் பலருக்கும் ஹிந்தி, ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் கற்றுக்கொண்ட மொழி.

"வடக்கன்"னு சொன்னா என்ன தப்பு? திசைதானே?

திசைதான். சொல்லும் தொனியில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

என் பெரியப்பா 1960களில் பம்பாய் மாட்டுங்காவில் தங்கி டைப்பிஸ்டாக இருந்தவர். அங்கே தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லோருக்கும் ஒரே பெயர், "மதராசி". 1966இல் சிவசேனா தொடங்கிய காலம் அது. அதற்கு முன்பிருந்தே, அதைத் தொடங்கிய பால் தாக்கரேயின் "மார்மிக்" வார இதழில், அலுவலகங்களில் பெரிய பதவியில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல் வந்துகொண்டிருந்தது. மண்ணின் மைந்தர் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. "மெட்ராஸ் மாநிலத்திலிருந்து வந்தவன் மதராசி, அதில் என்ன தப்பு" என்று அங்கேயும் சொல்லியிருப்பார்கள். பெரியப்பா கடைசிவரை அந்தச் சொல்லைக் கேட்டால் சோற்றுத் தட்டை நகர்த்திவைத்துவிடுவார்.

இன்னும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் "வடக்கத்தியான்" என்றால் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து போன தமிழர். அவர்களுக்கு வடக்கே இருப்பது நாம்தானே. மலையகத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு "தோட்டக்காட்டான்" என்று பெயர். மொழி ஒன்று, கடவுள் ஒன்று. இருந்தும் கோடு விழுந்தது.

பேப்பர்ல தினமும் வருதே, வடமாநிலத் தொழிலாளி திருடினான், குத்தினான்னு. அதெல்லாம் பொய்யா?

நடந்த செய்தி பொய் என்று சொல்லவில்லை. அதை நாம் எண்ணும் விதத்தில் பிழை இருக்கிறது.

டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபோர்ட் இருவரும் 1976இல் ஒரு சோதனை செய்தார்கள். "அ" குழுவைப் பற்றி 26 வாக்கியங்கள், "ஆ" குழுவைப் பற்றி 13. அ குழுவில் 18 நல்ல காரியம், 8 கெட்ட காரியம். ஆ குழுவில் 9 நல்லது, 4 கெட்டது. கணக்குப் போட்டால் விகிதம் அச்சு அசலாக ஒன்றுதான். படித்து முடித்தவர்களைக் கேட்டபோது, ஆ குழு கூடுதல் கெட்டது செய்ததாக நினைவு வைத்திருந்தார்கள். காரணம் எளிது. சின்னக் குழு கண்ணில் உறுத்தும், கெட்ட காரியமும் உறுத்தும். இரண்டும் சேர்ந்து வந்தால் மனதில் ஆணி அடித்த மாதிரி பதியும்.

தலைப்பு எழுதும் விதம் இதை இன்னும் அழுத்துகிறது. உள்ளூர் ஆள் திருடினால் "வாலிபர் கைது". வெளியூர் ஆள் என்றால் "வடமாநில வாலிபர் கைது". முதல் வகைச் செய்திகளை நீங்கள் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

எங்கள் காம்பவுண்டில் ஒருமுறை தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. பின்பக்க அறையில் நான்கு ஒடிசாப் பையன்கள் இருந்தார்கள். யாரும் குற்றம் சாட்டவில்லை, ஆனால் எல்லோர் பார்வையும் அந்தக் கதவுப் பக்கமே போனது. என் பார்வையும்தான். இதையெல்லாம் வகுப்பில் சொல்லித் தருகிற நான், வாயை மூடிக்கொண்டு அங்கே நின்றேன். இரண்டு நாள் கழித்து, ஓனரின் மச்சினர் ரிப்பேருக்கு எடுத்துப்போனது தெரிந்தது. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பையன்கள் அடுத்த மாதமே அறையைக் காலி செய்துவிட்டார்கள். போய்ச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை, இன்றைக்கும் அது உறுத்துகிறது.

நம்ம ஆளு தப்புப் பண்ணா சூழ்நிலை, அவன் பண்ணா குணம்னு நினைக்கறோம்னு போன கூட்டத்துல சொன்னீங்க. இதுக்கு ஆதாரம் இருக்கா?

இருக்கிறது, அதுவும் தென்னிந்தியாவிலேயே. டொனால்ட் டெய்லர், வைஷ்ணா ஜக்கி இருவரும் 1974இல் வெளியிட்டது. இந்து அலுவலக எழுத்தர்களிடம் சின்னச் சின்ன நிகழ்ச்சிகளைக் கொடுத்து, "அந்த ஆள் ஏன் இப்படிச் செய்தார்?" என்று கேட்டார்கள். சில நிகழ்ச்சிகளில் ஆள் இந்து, சிலவற்றில் முஸ்லிம். இந்து நல்லது செய்தால் அது அவர் குணம், கெட்டது செய்தால் ஏதோ நெருக்கடி. முஸ்லிம் என்று போட்டபோது விளக்கம் தலைகீழானது. மோட்டார் கதையில் ஓனரின் மச்சினருக்குக் கிடைத்த "சொல்ல மறந்திருப்பாரு" என்ற சலுகையும் இதே ரகம்தான்.

தமிழ்நாடு வந்தாரை வாழவைக்கும் மாநிலம். நம்மள விட மோசமா மத்த மாநிலத்துல இல்லையா?

மற்ற இடங்களைவிட நாம் மேல் என்று நிரூபிக்கத் தோன்றுகிறது பாருங்கள், பிரிஸ்டல் பையன்கள் 7-1 பக்கம் சாய்ந்ததும் இதே ஆசையில்தான். எனக்கும் இந்த ஊர் மேல் பெருமை உண்டு. எங்கெங்கிருந்தோ வந்தவர்களுக்குச் சோறு போட்ட ஊர் இது.

அப்புறம், வெளியாள் என்பவர் ரயிலேறி வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து 1989இல் சுவர் எழுப்பினார்கள். 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விடும்வரை அது நின்றது. சுவருக்கு இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசினார்கள். தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதிக்கு ஒரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொள்வதும் நாம் அறிந்ததுதான். 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்று நிறம் என்பது கிளே, கண்டின்ஸ்கி மாதிரியே ஒரு பெயரட்டைதான். பின்னால் நூற்றாண்டுகளின் பாரம் இருப்பதால் அரிவாள்வரை போகிறது.

பழகினா சரியாயிடும்னு சொல்றாங்க. பத்து வருஷமா பக்கத்துலயே இருக்கேன், எனக்கு ஒண்ணும் மாறலையே?

பக்கத்தில் இருப்பதும் பழகுவதும் ஒன்றில்லை. கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் இதைத் தெளிவாகச் சொன்னார். தொடர்பு பலன் தர வேண்டுமென்றால் இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும். ஒரே இலக்கு வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். பிறகு 2006இல் பெட்டிகுரூ, ட்ராப் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடர்பு கூடக்கூடத் தப்பெண்ணம் குறைவதே பொதுப்போக்கு. இந்த நான்கும் முழுதாக இல்லாவிட்டால்கூட ஓரளவு குறைகிறது, இருந்தால் நன்றாகவே குறைகிறது. உங்கள் பத்து வருடத்தில் அவர் உங்களிடம் வேலை பார்த்தவரா, உங்களோடு வேலை பார்த்தவரா என்று யோசியுங்கள்.

எந்த விதமான பழக்கம் என்பதற்கு நம் நாட்டிலேயே அழகான சான்று இருக்கிறது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் மேட் லோ என்ற பொருளியலாளர் இளைஞர்களுக்குக் கிரிக்கெட் லீக் நடத்தினார். சிலருக்குப் பல சாதியும் கலந்த அணி, சிலருக்குத் தன் சாதி மட்டும். ஒரே அணியில் ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். வேறு சாதிக்காரரை எதிரணியில் சந்தித்தவர்களுக்கு அந்த நட்பு குறைந்தது. ஒரே மைதானம், ஒரே பந்துதான். டெல்லியில், தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று 2007இல் விதி வந்தபோது, கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் அதன் விளைவை ஆராய்ந்தார். ரிலே ஓட்டத்துக்குக் கூட்டாளி தேர்ந்தெடுக்கச் சொன்னால், வேகமாக ஓடும் ஏழைப் பையனை விட்டுவிட்டு மெதுவாக ஓடும் வசதியான பையனை எடுக்கும் பழக்கம், ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்களிடம் குறைந்திருந்தது.

அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். ஈராக்கில் ஐஎஸ் அமைப்பால் விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பார்த்தார் சல்மா மூசா. 2020இல் வெளிவந்த ஆய்வு அது. அணிக்குள் நட்பு வளர்ந்தது, சேர்ந்து பயிற்சி செய்தார்கள். மைதானத்துக்கு வெளியே, முகம் தெரியாத முஸ்லிம்களிடம் அந்த மாற்றம் பெரிதாகப் போய்ச் சேரவில்லை.

ஆமா, எங்க யூனிட்ல ஒரு பையன் தங்கம். ஆனா மத்தவங்க அப்படி இல்லையே?

ஈராக்கில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். நல்ல ஆளைச் சந்தித்ததும், "இவன் மட்டும் வேற மாதிரி" என்று தனிப்பெட்டியில் போட்டுவிடுகிறோம். பழைய பெட்டி அப்படியே இருக்கிறது. உதவும் ஒரு வழி, அவர் தன் ஊரைப் பற்றிப் பேச இடம் கொடுப்பது. தீபாவளிக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்கள், நல்லது. ஒடிசாவின் ரஜ பண்டிகைக்கு அவர் என்ன செய்வார் என்று கேட்டிருக்கிறீர்களா? அவர் எந்தக் கூட்டத்து ஆள் என்பது மறையாமல், அதோடு சேர்த்தே அவர் நண்பராகும்போதுதான் மற்றவர்களைப் பற்றிய எண்ணமும் அசைகிறது.

அவங்க மட்டும் நம்மளைப் பத்தி நல்லா பேசறாங்களா? அதை ஏன் கேக்க மாட்டேங்கறீங்க?

கேட்கிறேன். அவர்களுக்கும் குழு உண்டு, அவர்கள் மனமும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறெங்கோ நடந்த சண்டைக் காட்சிகளை எடுத்து ஒட்டியிருந்தார்கள். காவல்துறை மறுத்தது, பீகார் அரசு அனுப்பிய குழுவும் வந்து பார்த்தது. அதற்குள் எத்தனையோ பேர் பயத்தில் மூட்டை கட்டினார்கள். தமிழர் என்றாலே இப்படித்தான் என்று நம்பும் மனம் அங்கே தயாராக இருந்ததால்தான் அந்தப் பொய் நின்றது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்காதீர்கள். வாடகை வீடு, போலீஸ் ஸ்டேஷன், ரேஷன், கம்பெனி ஆபீஸ் எல்லாம் இங்கே நம் மொழியில் இருக்கின்றன. அவர் நம்மைத் தப்பாக நினைத்தால் நமக்கு வருத்தம். நாம் அவரைத் தப்பாக நினைத்தால் அவருக்கு ராத்திரி தங்க இடம் இருக்காது.

நம்ம மொழியைக் காப்பாத்தணும்னு நினைக்கறது தப்பெண்ணமா? இதுக்கு நேரா பதில் சொல்லுங்க.

இல்லை. 1965இல் ஹிந்தித் திணிப்பை எதிர்த்து உயிர் கொடுத்தவர்களை மதிக்கிறவன் நான். மொழிக் கொள்கை, நிதிப் பங்கீடு, வேலைவாய்ப்பு விதி எல்லாம் அரசோடு நாம் நடத்த வேண்டிய வழக்கு, உரக்கவே நடத்தலாம். வங்கியில், ரயில் நிலையத்தில் தமிழில் சேவை கேட்பது நம் உரிமை.

அந்த வழக்கைக் கொண்டுபோய் அயர்னிங் டேபிளில் நிற்கும் பையன் தலையில் இறக்கும்போது முதல் பதிலில் சொன்ன இடத்துக்கு வந்துவிடுகிறோம். அவன் எந்தச் சட்டத்தையும் எழுதவில்லை. முன்பே சொன்ன மாதிரி, அவன் தாய்மொழியும் ஹிந்தி இல்லாமல் இருக்கலாம்.

அப்ப குழுவே வேண்டாம், எல்லாரும் ஒண்ணுன்னு சொல்றீங்களா?

குழு இல்லாமல் யாரும் வாழ முடியாது. நானும் மாட்டேன். "நம்ம ஆளு" என்று போடும் கோட்டை விரிக்க முடியும், அதற்கு எல்லை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கிலாந்தில் மார்க் லெவின் குழுவினர் 2005இல் வெளியிட்ட சோதனை இது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களை அழைத்து, தங்கள் அணியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பிறகு வேறு கட்டடத்துக்கு நடந்து போகும் வழியில், ஓடிவந்த ஒருவர் விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார். தங்கள் அணிச் சட்டை போட்டிருந்தால் பெரும்பாலோர் உதவினார்கள். லிவர்பூல் சட்டை என்றால் பலர் தாண்டிப் போனார்கள். அடுத்த முறை, "கால்பந்து ரசிகராக இருப்பது" பற்றி எழுதச் சொன்னார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் உதவி கிடைத்தது. எந்த அணியும் இல்லாத சாதாரணச் சட்டைக்காரர் இரண்டு தடவையும் பின்தங்கினார். ஒரு கோட்டை விரித்ததும் புதுக்கோட்டுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள். "பனியன் தொழிலாளி" என்று விரித்தால் துப்புரவுக்கு வரும் அம்மா வெளியே நிற்பார். அவரையும் பார்க்க வேண்டும்.

என் பொண்ணு மூணாவது படிக்கறா. "வடக்கத்திப் பொண்ணு பக்கத்துல உட்கார மாட்டேன்"னு சொல்றா. திட்டினேன், கேக்கல. என்ன பண்றது?

திட்டுவதால் அந்த எண்ணம் போகாது, உங்கள் முன்னால் சொல்வது மட்டும் நிற்கும். முதலில் ஆசிரியையிடம் பேசுங்கள். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பு, வெள்ளை, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது தினமும் சண்டை. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார். பாடத்தை ஐந்தாறு துண்டாக வெட்டி, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு. மற்றவர்களுக்கு அவரவர்தான் அதைச் சொல்லித்தர வேண்டும். தேர்வு முழுப் பாடத்திலிருந்தும் வரும். அப்போது, ஆங்கிலம் திக்கிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்தால் தனக்கே மதிப்பெண் போகும் என்று பிள்ளைகளுக்குப் புரிந்தது. கேலி குறைந்தது, கேள்வி கேட்டு உதவ ஆரம்பித்தார்கள். மூன்றாம் வகுப்புச் சூழ்நிலையியல் பாடத்துக்கு இது அப்படியே பொருந்தும். செலவும் கிடையாது.

வீட்டில் ஒரே ஒரு வேலை. அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று கேளுங்கள். "தெரியாது" என்பாள். "நாளைக்குக் கேட்டுட்டு வா, எனக்கும் சொல்லு" என்று அனுப்புங்கள். அவள் மறந்தால் மறுநாளும் கேளுங்கள். பெயரோடு வரும் நாளில், அவளுக்கு என்ன விளையாட்டு பிடிக்கும் என்று அடுத்ததைக் கேட்கலாம்.